டாக்டர் சீட்டு: காத்திருக்க யாரால் முடிகிறது?

(மாவட்ட மைய நூலக அரங்கில், மேல்நிலை மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டவர்களிலேயே மிகவும் புகழ்பெற்றவர், விண்ணப்பமே போடாதவர். அவர் பெயர் செண்பகம் துரைராஜன். 1950இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விசாரித்துப் பார்த்தேன், நான் பிராமணப் பெண் என்பதால் எனக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்தது என்றார். அவர் உண்மையில் விண்ணப்பிக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறது. அப்படியும் வழக்கு நின்றது, வென்றது, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே காரணமாயிற்று.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணம் என்றால் இன்றைய ஆந்திரக் கரையோரமும் மலபாரும் சேர்ந்தது. அத்தனை பெரிய நிலப்பரப்புக்கு அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் 4, இடங்கள் 330. அதில் 17 வெளி மாநிலத்தவருக்கு, 12 அரசின் விருப்பத்துக்கு. மிச்சத்தை 14 இடங்களுக்கு ஒரு சுற்று என்று பிரித்தார்கள்: பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இரு தரப்புக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதைத்தான் வகுப்புவாரி உரிமை ஆணை என்கிறோம். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. ஜூன் மாதமே நாடாளுமன்றம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று வழிவிட்டது. இன்று நம் மாநிலத்தில் நிற்கும் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின் சட்ட வேர் அங்கே இருக்கிறது.

ஆக, டாக்டர் சீட்டு என்பது நம் ஊரில் என்றுமே வெறும் படிப்பு விஷயமாக இருந்ததில்லை. யாருக்கு இடம் என்று கேட்டுக் கேட்டே நாம் அரசியல் படித்திருக்கிறோம். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது இட ஒதுக்கீட்டைப் பற்றி அல்ல. தேர்ந்தெடுக்கும் முறையை நாம் பலமுறை மாற்றியிருக்கிறோம். ஒவ்வொரு தேர்வு முறையும், படிப்போடு சேர்த்து வேறு ஏதோ ஒன்றையும் பிள்ளையிடம் கேட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது செல்வாக்கு. பிறகு விடுதிக் கட்டணம். இப்போது அது காலம்: ஒரு வருடமோ இரண்டு வருடமோ சம்பாதிக்காமல், வேறு எதிலும் சேராமல், வீட்டில் காத்திருக்கும் வசதி.

செல்வாக்கின் காலத்தை இளைஞர்கள் அறிய மாட்டார்கள். 1960களில் மதிப்பெண்ணோடு நேர்காணலும் உண்டு. மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பிரித்தார்கள். 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. உடனே கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து, அலகுக்கு ஒரு தேர்வுக் குழு என்று வைத்தார்கள். 1970இல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் விழுந்தது. 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு என்பது மிகையாகத் தோன்றுகிறது என்று நீதிபதிகள் சொன்னார்கள். 75 மதிப்பெண் ஒரு குழுவின் கையில் இருந்தால், குழுவில் இருப்பவரை யாருக்குத் தெரியும் என்ற விசாரணை ஊரெல்லாம் நடக்கும். நடந்தது. சிபாரிசுக் கடிதம் என்ற சொல்லை அந்தத் தலைமுறை சாதாரணமாகப் புழங்கியது.

நேர்காணலே தப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு நம்மிடம் வேலூர் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது யார் வருவார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. 151 விண்ணப்பங்கள் வந்தன. பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எழுத்துத் தேர்வோடு நிற்காமல், பிள்ளைகளை வளாகத்துக்கு வரவழைத்து, குழுவாக வேலை கொடுத்து, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கிராமத்து மிஷன் மருத்துவமனைக்குப் போகக்கூடியவர் யார் என்பதே அவர்கள் கேள்வி. நீட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு வந்ததும், பொதுக் கலந்தாய்வில் வரும் பட்டியலை அப்படியே ஏற்க மறுத்து, 2017இல் நூறு இடங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். அந்த ஒருவர் மத்திய அரசின் ஒதுக்கீட்டில் வந்தவர். மிச்சம் 99 இருக்கைகள் காலி. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று முடித்துவைத்தது. அந்த 99 இடங்களைக் காலியாக விட்டது சரியா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம். ஆனால் ஒரு கல்லூரி, எங்களுக்கு எப்படிப்பட்ட மாணவர் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என நெஞ்சு நிமிர்த்திச் சொன்னது அது ஒன்றுதான்.

மறுபடி அரசின் தேர்வு முறைக்கு வருவோம். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு 100ஐச் சேர்த்து, 300க்குத் தரவரிசை. சிபாரிசு ஒழிந்தது, அது பெரிய காரியம். ஆனால் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி நகரத்தில்தான் கிடைத்தது. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2006இல் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்று, 2007 முதல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. இந்த 200தான் கட்-ஆஃப்.

சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு வழி திறந்தது உண்மை. ஆனால் நாமக்கல், ராசிபுரம் பக்கம் என்ன நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. உண்டு உறைவிடப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடம் மனப்பாடம் செய்யவைத்தன. விடியற்காலை எழுப்பி, இரவு வரை தினமும் தேர்வு. பிராய்லர் பள்ளி என்று மக்களே பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களே வரிசையில் நின்று சேர்த்தும் விட்டார்கள்! 198.5க்கும் 198.25க்கும் இடையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கியடித்தார்கள். மதிப்பெண் சமமானால் உயிரியல் பார்ப்பார்கள், பிறகு வேதியியல், பிறகு நான்காம் பாடம், பிறகு யாருக்கு வயது அதிகம் என்று. எல்லாம் சமமென்றால்? ரேண்டம் எண். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஓர் எண்ணைக் கொடுக்கும், அதுவே முடிவு.

இந்த ரேண்டம் எண்ணை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வரிசையின் ஒரு முனையில், எல்லா அளவுகோல்களும் தீர்ந்த பிறகு, நாமும் குலுக்கல்தான் போட்டோம். நெதர்லாந்து இதை வெளிப்படையாகச் செய்தது. 1970களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மருத்துவ இடங்கள் குலுக்கலில் போயின. மதிப்பெண் கூடக் கூடக் குலுக்கலில் வாய்ப்பும் கூடும். ஆனாலும் குலுக்கல் குலுக்கல்தான். 1996இல், பத்துக்கு 9.6 சராசரி வைத்திருந்த ஒரு மாணவி மூன்று முறை குலுக்கலில் தோற்றார். நாடே கோபப்பட்டது. எட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு நேரடி அனுமதி என்று விதியைத் திருத்தினார்கள். 2017இல் குலுக்கலையே ஒழித்து, கல்லூரிகளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். வந்தது என்ன? தேர்வுக்குத் தயார்படுத்தும் பயிற்சி மையங்கள் வந்தன, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முன்னே வருகிறார்கள் என்ற புகாரும் வந்தது. இப்போது விரும்பும் பல்கலைக்கழகங்கள் குலுக்கலுக்குத் திரும்பலாம் என்று மறுபடி அனுமதித்திருக்கிறார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

நான் பல ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்தியவன். பிண மேசையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் யார் தரவரிசையில் முன்னே வந்தவர், யார் பின்னே வந்தவர் என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிகிறது என்று சொன்ன ஆசிரியர்கள், பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் இருக்கும் ஒதுக்கீட்டு விவரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னவர்கள்.

இனி நீட். 2013இல் ஒருமுறை வந்தது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2016இல் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. ஒரு வருடம் விலக்கு வாங்கினோம். 2017 முதல் தமிழ்நாடும் நீட்டுக்குள். 180 கேள்விகள், சரியென்றால் 4, தவறென்றால் 1 கழிப்பு, மொத்தம் 720. பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இந்த அரங்கில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிளஸ் டூவில் 1200க்கு 1176, நீட்டில் 86. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். பின்னர் அரியலூரிலேயே மருத்துவக் கல்லூரி வந்து, அதன் அரங்குக்கு அவர் பெயரும் வைத்தாயிற்று. அந்த இரண்டு மதிப்பெண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே மூளை, ஒரே ஆண்டு. இரண்டும் மருத்துவத் திறமையை அளக்கின்றன என்றால் இப்படி விலகாது. ஒவ்வொன்றும் தன் பாடப் புத்தகத்தையும், தன் பயிற்சியையும், தன் கேள்வி வடிவத்தையும் அளந்தது.

அளவுகோல் எவ்வளவு நடுங்குகிறது என்பதற்கு இன்னும் இரண்டு செய்திகள். 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, பிறகு ரத்தும் செய்தது. தமிழில் எழுதிய பிள்ளைக்கு 196 உண்டு என்றால் ஒரு வாழ்க்கை, இல்லையென்றால் வேறொரு வாழ்க்கை. 2024இல், அணுவைப் பற்றிய ஒரே ஓர் இயற்பியல் கேள்வி: பழைய பதிப்புப் புத்தகப்படி ஒரு விடை, புதிய பதிப்புப்படி ஒரு விடை. கடைசியில் ஒன்றுதான் சரி என்று முடிவானதும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண் மாறியது. 720க்கு 720 எடுத்து முதலிடம் என்று கொண்டாடப்பட்ட 61 பேர் 17 பேர் ஆனார்கள். மற்ற 44 பேரும் ஒரே இரவில் அறிவு குறைந்தவர்களாகிவிட்டார்களா?

சரி, நடுங்கும் அளவுகோலாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒன்றுதானே என்பீர்கள். அங்கேதான் காலம் வருகிறது. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். நீட்டுக்கு முந்தைய ஆண்டில், தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே ரிப்பீட்டர், அதாவது முன்பே பிளஸ் டூ முடித்துக் காத்திருந்தவர். 2020-21இல் பத்தில் ஏழு பேர்.  காத்திருந்தவர் உள்ளே வந்தார், காத்திருக்க முடியாதவர் பி.எஸ்சி. சேர்ந்தார். கோச்சிங் கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருப்பதை, அதுவும் பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று உறவுக்காரர்கள் வந்து நிற்பதை, எல்லா வீடும் தாங்காது. சட்டமன்றம் 2021இலும் 2022இலும் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

தகுதி என்ற பேச்சையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீட்டில் பொதுப் பிரிவினர் தேர்ச்சி பெற 50 பர்சன்டைல் வேண்டும். 50 சதவீத மதிப்பெண் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. எழுதியவர்களில் பாதிப் பேரை முந்தினால் போதும். 2023இல் அந்தக் கோடு 720க்கு 137. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் இருபதாயிரம்கூட இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அது இருபது லட்சத்தைத் தாண்டும். ஆகவே 500 எடுத்த கூலித் தொழிலாளியின் பிள்ளை இடமில்லாமல் திரும்பலாம், 200 எடுத்த பிள்ளை பணம் கட்டிச் சேரலாம். இரண்டும் சட்டப்படியே நடக்கிறது. தகுதியைக் காக்கிறோம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் நடந்த நல்ல காரியம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது, 2020 அக்டோபர் இறுதியில் சட்டமாயிற்று. அதற்கு முன் அரசுப் பள்ளியிலிருந்து நீட் வழியாக எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கு மேல் போனார்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை இதில் சேர்க்காதது குறை என்பது என் கருத்து. அந்தப் பள்ளிகளில் படிப்பவர்களும் பெரும்பாலும் அதே தெருக்களிலிருந்துதான் வருகிறார்கள்.

இனி உங்களுக்கு வேண்டியதைப் பேசுகிறேன். பெற்றோர்கள் குறிப்பெடுக்கத் தயாராவது தெரிகிறது.

விண்ணப்பம் ஒன்றல்ல. நீட் எழுதுவதற்கு ஒன்று. முடிவு வந்தபின், அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காடு அகில இந்திய இடங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் டெல்லியின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவில் (எம்.சி.சி.) ஒன்று. மீதி 85 விழுக்காட்டுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் நம் தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் போட்டுவிட்டு மற்றதில் தானாகப் பெயர் வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

கல்லூரிப் பட்டியலை வரிசைப்படுத்துவதில்தான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். கணினி உங்கள் தரவரிசை வந்ததும், நீங்கள் கொடுத்த பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும். ஆகவே மிகவும் விரும்புவதை மேலே போடுங்கள். சென்னை நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று நீங்களே முடிவுகட்டி, அதைக் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. அதேபோல, கட்டணம் கட்ட முடியாத கல்லூரியைச் சும்மா இருக்கட்டும் என்று பட்டியலில் சேர்க்காதீர்கள். கிடைத்துச் சேராமல் விட்டால் வைப்புத் தொகையும் போகலாம், அடுத்த சுற்றும் சிக்கலாகலாம். 2022இல் விருதுநகர், நாமக்கல், நாகப்பட்டினம் என்று ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகள் இருக்கின்றன. புதுக் கல்லூரி என்று முகம் சுளிக்க வேண்டாம். மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் குறைவில்லை. மாணவருக்கு அதுதான் வேண்டும்.

மறுபடி எழுதலாமா என்று கேட்கிறீர்கள். போன ஆண்டு உங்கள் வகுப்புப் பிரிவுக்கு அரசுக் கல்லூரியில் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்று பாருங்கள். அதற்கு நாற்பது, ஐம்பது மதிப்பெண் அருகில் இருந்து, பிள்ளையும் விரும்பினால், ஒருமுறை எழுதட்டும். இருநூறு தள்ளி இருந்தால் வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்கு இங்கே இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்தான். அதை இரண்டாம் தரமாக நினைப்பவர்கள் மாடு வைத்திருக்கும் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும். வெளிநாடு என்று வரும் ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, பயிற்று மொழி ஆங்கிலமா, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி உண்டா. 2021 நவம்பரில் வந்த விதிகள் இவை. இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே திரும்பி வந்து பதிவுசெய்ய முடியாது.

முடிவு வரும் நாளன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். என்ன மதிப்பெண் என்று கேட்கும் உறவினரின் போனை நீங்கள் எடுங்கள். பிள்ளை பேசாமல் முடங்கினால் 104க்கு அழையுங்கள், ஆலோசகர்கள் பேசுவார்கள்.

கடைசியாகச் சான்றிதழ்கள். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் டெல்லிக் கலந்தாய்வுக்குச் செல்லாது. அங்கே ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக வேண்டும். 7.5க்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வேண்டும். எட்டாவது வரை கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. இடையில் பள்ளி மாறிய பிள்ளைகள், பழைய தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கக் கோடை விடுமுறையில் போனால் பள்ளி பூட்டியிருக்கும். இந்த வாரமே போய் வாருங்கள்.